லீ என்னும் சிறு பெயர்



ஈப்போ நகரில் கிந்தா ஆற்றைக் கடந்து செல்லும் பெருஞ்சாலை ஒன்று உண்டு. இன்று அதற்குச் சுல்தான் இஸ்கந்தார் சாலை என்று பெயர். வயதில் மூத்தவர்கள் இன்னும் ‘ஹியூ லோ ஸ்திரீட்’ என்றே அதைச் சொல்வார்கள். சாலையின் இரு மருங்கிலும் சீனர் கடைகள். ‘லோ’ என்பதும் சீனரிடையே நன்கு வழங்கும் பெயர். ஆகவே முதன்முறை ஈப்போவுக்கு வருகிறவர், இது ஏதோ ஒரு சீனத் தவுக்கையின் பெயரால் அமைந்த சாலை என்று எண்ணிக்கொண்டால் அவர்மீது குற்றமில்லை.

ஆனால் ஹியூ லோ சீனர் அல்லர், ஆங்கிலேயர். 1877 முதல் 1889 வரை பேராக் மாநிலத்தின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர். கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் முதன்முதலாக ரப்பர்க் கன்றுகளை நடச் செய்தவரும் அவரே. 1877இல் இலங்கை வழியாகச் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகள் 22. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. நம் முன்னோர்களைக் கடல் கடந்து இந்த மண்ணுக்கு அழைத்துவந்த பால்மரத்தின் கதை, பேராக்கில் அந்த ஒன்பது கன்றுகளோடு தொடங்குகிறது எனலாம்.

ஹியூ லோவின் ‘லோ’ வேறு. சீனரின் ‘லோ’ வேறு. ஆங்கிலத்தில் அது மேட்டையோ சிறு குன்றையோ குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்திருக்கலாம். குள்ளமானவர் என்னும் பட்டப்பெயரிலிருந்தும் வந்திருக்கலாம். சீனரிடையிலோ, வெவ்வேறு எழுத்துகளால் எழுதப்படும் வெவ்வேறு குடும்பப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஒன்றாகி ‘லோ’ என நிற்கின்றன. ஒலி ஒன்று, வேர்கள் பல.

இதனினும் பரந்து கிடக்கும் பெயர் ஒன்று உண்டு. அதுதான் ‘லீ’. சொல்லுவதற்கு ஒரே எழுத்து. சீனர், கொரியர், ஆங்கிலேயர், அயர்லாந்தார், நார்வேக்காரர் எல்லோரிடமும் இந்தப் பெயர் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, எப்படிப் பரவியது, பெயர் ஒன்றாக இருந்தால் இரத்தமும் ஒன்றாக இருக்குமா என்பவற்றை இன்று ஆராய்வோம். இறுதியில், குடும்பப்பெயரே இல்லாத நமக்கு இதில் என்ன பாடம் இருக்கிறது என்பதையும் காண்போம்.

பேராக்கில் வாழ்கிறவர்களுக்கு லீ என்னும் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உலகப் பூப்பந்து அரங்கில் 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் வெள்ளிப் பதக்கம் வென்ற லீ சோங் வெய் 1982இல் பாகான் செராயில் பிறந்தவர். தோட்ட வரலாறு அறிந்தவர்களுக்கு ஈப்போவின் லீ லோய் செங் பெயர் தெரிந்திருக்கும். 1906இல் கோலாலம்பூர் ரப்பர் கம்பெனி என்று தொடங்கி ஆங்கிலேயர் கையில் வளர்ந்த நிறுவனம், 1973இல் மலேசிய நிறுவனமாகக் கோலாலம்பூர் கெப்போங் என்னும் பெயரோடு நாட்டுக்குள் வந்தது; அதை வளர்த்தவர் அவர். துரைமார்கள் ஆண்ட தோட்டங்கள் உள்நாட்டார் கைக்கு மாறிய காலத்தின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. அந்த நிறுவனத்தின் ஈப்போ அலுவலகம் இருக்கும் சாலைக்கு எஸ். பி. சீனிவாசகம் சாலை என்று பெயர். ஒரு லீயின் அலுவலகம், ஒரு தமிழர் பெயர் தாங்கிய சாலையில்! இந்த இரண்டு பெயர்களும் இரண்டு வேறு பெயர் முறைகளைச் சேர்ந்தவை. அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் சீனரின் லீ. இதை எழுதும் சீன எழுத்தில் மேலே மரத்தைக் குறிக்கும் குறியும், கீழே பிள்ளையைக் குறிக்கும் குறியும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் பிளம் என்னும் பழமரத்தின் பெயர். இந்தப் பெயர் பிறந்த விதத்தைச் சீனர் ஒரு மரபுக் கதையாகச் சொல்வார்கள். பழங்காலத்தில் நீதி வழங்கும் பதவி வகித்த ஒரு குடும்பம் இருந்தது. அப்பதவியின் பெயரே குடும்பத்துக்கும் பெயர். அதன் ஒலியும் ‘லீ’தான், ஆனால் எழுத்து வேறு. ஷாங் மரபின் கடைசி அரசன் கொடுங்கோலன். அவன் அந்தக் குடும்பத் தலைவனைக் கொன்றுவிட, மனைவியும் மகனும் தப்பி ஓடினார்கள். பசியால் உயிர் போகும் நிலையில் ஒரு மரத்தின் பழங்களைத் தின்று பிழைத்தார்கள். உயிர் காத்த மரத்துக்கு நன்றியாக, அதே ஒலியுடைய பழமரத்தின் எழுத்தைத் தங்கள் பெயராக ஏற்றார்கள் என்பது கதை. நடந்ததா இல்லையா என்பது வேறு. ஆனால் ஒலி அப்படியே இருக்க, எழுத்து மாறினால் பெயரே வேறாகிவிடும் என்னும் சீனரின் எண்ணம் இக்கதையில் தெளிவாகத் தெரிகிறது.

சீனாவில் இன்று லீ என்னும் பெயருடையோர் ஏறத்தாழ பத்துக் கோடிப் பேர். இத்தனை பேரும் ஒரே தந்தையின் வழிவந்தவர்களா? அல்லர். இதற்குக் காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. கி.பி. 618 முதல் 907 வரை சீனத்தை ஆண்ட தாங் மரபினர் லீ குடும்பத்தார். அரசருக்காகப் போரிட்டவர்களுக்கும், அரசரைச் சரணடைந்த பிற இனத் தலைவர்களுக்கும் பொன்னும் பட்டமும் தருவதுபோலத் தம் குடும்பப்பெயரையும் பரிசாகத் தருவது அவர்கள் வழக்கம். 869இல் சாத்தோ என்னும் துருக்கிய இனத் தலைவர் ஒருவர், கிளர்ச்சியை அடக்கியதற்காக லீ என்னும் பெயரைப் பெற்றார். அவருடைய பேரனோ 923இல் தானே ஓர் அரச மரபை நிறுவினார். துருக்கியர் வழிவந்தவர் சீனப் பேரரசராக அமர்ந்தபோது அவர் பெயர் லீ! பெயர் இரத்தத்தால் மட்டும் வருவதில்லை, கொடையாகவும் வரும்.

சீன எழுத்தும் ஆட்சிமுறையும் பரவிய இடங்களுக்கு இப்பெயரும் பரவியது. வியட்நாமில் 1009 முதல் 1225 வரை ஆண்ட அரச மரபுக்கு ‘லீ’ என்றே பெயர். 1225இல் ஆட்சி திரான் குடும்பத்தார் கைக்கு மாறியது. பழைய அரச குடும்பத்தின் நினைவே இருக்கக்கூடாது என்று எண்ணிய புதிய ஆட்சி, 1232இல் லீ பெயருடையவர்கள் எல்லோரும் ‘நுயென்’ என்று பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. இன்று வியட்நாமில் மிக அதிகமானோர் தாங்கும் பெயர் நுயென். அது அவ்வளவு பெருகியதற்கு இத்தகைய ஆணைகளும் ஒரு காரணம்.

அந்த அரச குடும்பத்தின் இளவரசர் ஒருவர் மட்டும் 1226 அளவில் கப்பலேறித் தப்பினார். பல நாள் கடலில் அலைந்து அவர் கரையேறிய இடம் கொரிய நாடு. அந்நாட்டு மன்னர் அவருக்கு நிலமும் பட்டமும் தந்தார். அவர் வழிவந்தோர் ஹ்வாசான் லீ குடியினர் என்று கொரியாவில் இன்றும் வாழ்கிறார்கள். 1990களில் அவர்களுள் சிலர் வியட்நாமுக்குச் சென்று, எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் தங்கள் முன்னோரின் கோயிலில் வணங்கினர். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொரியாவில் இருக்கும் ஹ்வாசான் லீக்கு இரத்த உறவினர் யார்? பக்கத்து வீட்டுக் கொரிய லீ அல்லர்; வியட்நாமில் நுயென் என்னும் பெயரோடு வாழ்கிறவரே. பெயர் ஒன்றானவர் உறவல்லர். உறவானவர் பெயர் வேறு.

கொரியாவில் கிம்முக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் தாங்கும் பெயர் லீ. 2015 கணக்கெடுப்பின்படி மக்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர். எழுத்து சீன எழுத்தேயானாலும், கொரியர் ‘ஈ’ என்று உச்சரிப்பார்கள். வடகொரியாவில் ‘ரி’ என்பார்கள். தென்கொரியாவின் முதல் குடியரசுத் தலைவர் தம் பெயரை ஆங்கிலத்தில் ‘ரீ’ என்று எழுதினார். 1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்ட சோசன் மரபும் இதே பெயருடையதுதான். இத்தனை லீக்களை எப்படிப் பிரித்தறிவது? அதற்குக் கொரியர் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடிக்கும் மூலவூர் உண்டு. சோன்சு லீ, கியோங்சு லீ, ஹ்வாசான் லீ என்று ஊரோடு சேர்த்துச் சொன்னால்தான் பெயர் முழுமை பெறும். ஒரே பெயரும் ஒரே மூலவூரும் உடையவர்கள் மணம் செய்துகொள்ளச் சட்டமே தடை விதித்திருந்தது. 1997இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இனி, கிழக்கிலிருந்து மேற்கே செல்வோம். ஆங்கிலேயரின் லீக்கும் பழமரத்துக்கும் எத்தொடர்பும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘லேயா’ என்றொரு சொல் இருந்தது. காட்டை வெட்டித் திருத்திய வெளி என்பது அதன் பொருள். அப்படித் திருத்திய இடத்தில் எழுந்த சிற்றூர்களுக்கு லீ, லே என்று பெயர் வந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, வரி வசூலும் நிலப் பதிவும் பெருகின. ஊருக்குப் பத்து ஜான் இருந்தால், எந்த ஜான் என்று எழுத்தர் அறிய வேண்டுமே! ஆகவே ‘காட்டுவெளியில் இருக்கும் ஜான்’ என்று எழுதினார்கள். இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் அது குடும்பத்தின் நிலையான பெயராகிவிட்டது. இங்கிலாந்தெங்கும் அத்தகைய காட்டுவெளிகள் இருந்தமையால், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பல குடும்பங்கள் தனித்தனியே லீ ஆயின.

இச்சொல் பல பெயர்களின் வாலிலும் ஒளிந்திருக்கிறது. ஸ்டான்லி என்றால் கல் நிறைந்த காட்டுவெளி. ரிட்லி என்பதிலும் அந்த ‘லி’ இதுவே. ரிட்லி என்றதும் நமக்கு நினைவுக்கு வரவேண்டியவர், 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி. மரத்தைக் கொல்லாமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவி, மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பியவர் அவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், கத்தியும் வாளியுமாக நிரைக்குச் சென்ற நம் தாத்தா பாட்டிகளின் கையில் இருந்தது அந்த முறைதான். காட்டை வெட்டித் திருத்திய வெளி என்னும் பொருளைப் பெயரில் தாங்கியவர் ஆய்ந்த மரத்துக்காக, பேராக்கின் காடுகள் வெட்டித் திருத்தப்பட்டன. இது வெறும் தற்செயல்தான். ஆயினும் நினைவில் நிற்கக்கூடிய தற்செயல்.

அயர்லாந்தின் லீ மீண்டும் வேறு. அங்கே கவிதை, பாட்டு என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த நீண்ட பெயரொன்றை, ஆங்கிலேயர் ஆட்சியில் சுருக்கி ‘லீ’ என்று எழுதினார்கள். நார்வேயின் லீயோ மலைச்சரிவைக் குறிக்கும் சொல். ஐக்கிய நாடுகள் சபையின் முதல் தலைமைச் செயலாளராக 1946 முதல் 1952 வரை இருந்த திரிக்வே லீ நார்வேக்காரர். அவருடைய பெயரைச் செய்தித்தாளில் கண்ட சீனர் எவரும் அவரைத் தம் இனத்தவராக எண்ணியிருக்க மாட்டார்கள். படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எழுத்தில் மட்டும் பார்த்தால்தான் மயக்கம்.

நார்வேக்காரரிடம் நாம் சற்றே நிற்க வேண்டும். ஏனெனில் அவர்களுடைய பழைய வழக்கம் நம் வழக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. முன்னாளில் அவர்களுக்கும் குடும்பப்பெயர் கிடையாது. ஓலாவின் மகன் ஓல்சன். அவனுக்குப் பிறந்த பிள்ளைக்கு வேறு பெயர். கூடவே, வாழும் பண்ணையின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள்; பண்ணை மாறினால் அந்தப் பெயரும் மாறும். ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் முன்னெழுத்தாக நிற்கும் நம் முறை போன்றதே இது. 1923இல் நார்வே ஒரு சட்டம் இயற்றி, எல்லோரும் நிலையான குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. மலைச்சரிவில் இருந்த பண்ணையின் பெயரை வைத்துக்கொண்டவர்கள் லீ ஆனார்கள். இத்தகைய பண்ணைகள் பலவாதலின், நார்வே லீக்களும் ஒரே குடும்பத்தினர் அல்லர்.

இவ்வாறு பார்த்தால், நம் இளைஞர்கள் அறிந்த நடிகர் புரூஸ் லீ பழமரத்து லீ. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் பிரெட் லீ ஆங்கில மரபின் லீ. இரு பெயரையும் நாம் ஒரே மாதிரி சொல்கிறோம். அவ்வளவே.

அறிவியலும் இதையே சொல்கிறது. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தந்தை வழியாக மகனுக்கு இறங்கும் மரபணுக் கூறுகளைக் குடும்பப்பெயர்களோடு ஒப்பிட்டு 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அரிய பெயர் உடையவர்களிடையே பொது முன்னோர் இருப்பதற்கான அடையாளம் மிகுதியாகக் கிடைத்தது. ஊரெங்கும் பரவிய பெயர்களிலோ, அதே பெயருடைய இருவர் தெருவில் எதிர்ப்படும் எவரோ இருவரைப் போலவே இருந்தார்கள். பெயர் எவ்வளவு பொதுவோ, உறவுக்குச் சான்றாக அது அவ்வளவு வலுக்குறைந்தது.

இவ்விடத்தில் நம் தமிழருக்கும் ஒரு சொல் சொல்லவேண்டும். ஒலியொப்பைக் கண்டதும் உறவு கொண்டாடுவது நம்மிடமும் உண்டு. கொரியரும் அம்மா, அப்பா என்று சொல்லுகிறார்கள் என்பதைக் கேட்டு நாம் மகிழ்கிறோம். மகிழலாம். ஆனால் குழந்தை வாயில் முதலில் எளிதாக வரும் ஒலிகள் ‘மா’வும் ‘பா’வும். ஆகையால் தொடர்பில்லாத பல மொழிகளிலும் தாய் தந்தையைக் குறிக்கும் சொற்கள் இப்படி அமைந்துவிடுகின்றன. அவ்வாறே ‘லீ’யையும் தமிழ்ச்சொல் என்று யாரேனும் சொல்ல வந்தால், தொல்காப்பியமே குறுக்கே நிற்கும். லகர எழுத்து தமிழ்ச்சொல்லின் முதலில் வராது என்பது அதன் விதி. லங்காவை இலங்கை என்று நாம் வழங்குவது அதனால்தான். ஒலியைக் கேட்டவுடன் முடிவுக்கு வராமல், எந்த எழுத்து, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எழுதியது என்று கேட்பதே வரலாற்று நெறி.

யார் எழுதியது என்னும் கேள்வி மலாயாவில் மிக முக்கியமானது. சீனர் ஒரே எழுத்தால் எழுதும் பெயர், ஹொக்கியன் பேசுகிறவர் வாயில் ‘தான்’ ஆகும். கன்டனீஸ் பேசுகிறவர் வாயில் ‘சான்’ ஆகும். ஹக்காவில் ‘சின்’ ஆகும். கேட்டதைக் கேட்டபடி அதிகாரி ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே குடும்பப்பெயர் மூன்றாயிற்று. லீக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறு. பெரும்பாலான கிளைமொழிகளிலும் அதன் ஒலி ஒன்றாக இருந்ததால் அது பிழைத்தது. ஆனால் வேறு எழுத்துடைய பிற பெயர்களும் வந்து அதே ‘லீ’க்குள் நுழைந்துகொண்டன. ஆயினும் சீனர் தங்கள் வேரை இழந்துவிடவில்லை. பரம்பரைச் சுவடிகளை எழுதி வைத்தார்கள். பினாங்கின் லீ கொங்சி போன்ற குடிச் சங்கங்களை அமைத்தார்கள். கல்லறையில் இறந்தவரின் பெயரோடு மூதாதையர் ஊரையும் பொறித்தார்கள். ஆங்கில எழுத்து எதைச் சொன்னாலும், கல்லறைக் கல் உண்மையைச் சொல்லும்.

இனி நம் தோட்டத்து லயங்களுக்கு வருவோம்.

தமிழருக்குக் குடும்பப்பெயர் என்பது இல்லை. ஒருவரின் பெயர், தந்தையின் பெயர், சிலருக்கு ஊரின் பெயர், இவ்வளவே. ஒரு காலத்தில் பெயரின் பின்னால் சாதிப் பட்டங்கள் ஒட்டியிருந்தன. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அவற்றை விடுமாறு சொன்னது. அதே ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டிலும் கலந்துகொண்டார். பட்டத்தை விட்டது பெரிய நன்மை. ஆனால் தென்னாப்பிரிக்காவுக்குப் போன தமிழரைப் பாருங்கள். 1860இல் தொடங்கிக் கப்பலேறிய அவர்களுடைய பட்டங்களும் பெயர்களும் அங்கே நிலையான குடும்பப்பெயர்கள் ஆகிவிட்டன. பிள்ளை ‘பிள்ளே’ ஆயிற்று. முதலி ‘மூட்லி’ ஆயிற்று. கவுண்டர் ‘கவெண்டர்’ ஆயிற்று. அங்கு வாழும் எல்லாப் பிள்ளேக்களும் உறவினர் அல்லர். அவர்கள் லீயின் வழியில் சென்றவர்கள்.

மலாயாத் தமிழர் வேறு வழியில் வந்தார்கள். ஆங்கில ஆட்சியில் ‘இன்னாரின் மகன்’ என்று பதிந்ததை, இன்று ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்று மலாயில் பதிகிறோம். சற்றுமுன் குறிப்பிட்ட சீனிவாசகம் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் புகழ்பெற்ற வழக்கறிஞர்களாகவும் மக்கள் முற்போக்குக் கட்சியின் தலைவர்களாகவும் விளங்கிய எஸ். பி. சீனிவாசகமும் டி. ஆர். சீனிவாசகமும் உடன்பிறந்தவர்கள். ஆங்கில முறைப்படி, சீனிவாசகம் என்னும் பொதுப்பெயர் கடைசியில் நின்றது. அதே பேராக்கில் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தனைப் பாருங்கள். தந்தை வீராசாமியின் பெயர் முன்னெழுத்தாக அடங்கியது. சம்பந்தன் என்பது அவருடைய சொந்தப் பெயர். ஒரே காலம், ஒரே மாநிலம், ஒரே மொழி. பெயர் முறையோ இரண்டு. அயலார் ஒருவர், சீனிவாசகம், சம்பந்தன் இரண்டையும் லீயைப் போன்ற குடும்பப்பெயர்கள் என்றே எண்ணுவார்.

தலைவர்களின் பெயர்களுக்காவது எழுதி வைத்த வரலாறு உண்டு. பால் வெட்டியவர்களின் பெயர்கள் என்னவாயின?

தோட்டத்தில் பெயரை எழுதியவர் கிராணியார். செக்ரோலில் அவர் எழுதியதே பெயர். பின்னர் 1948 வந்தது. அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் விளைவாகப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் பதிந்துகொண்டு அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இங்கிலாந்தில் வரி எழுத்தர் செய்ததைப் போல, இங்கே பதிவு அதிகாரி செய்தார். அவர் காதில் விழுந்தது ஆங்கில எழுத்தாயிற்று. சின்னசாமி ஓர் அட்டையில் ‘சி’ ஒலிக்கு ஓர் எழுத்தோடும், தம்பியின் பத்திரத்தில் வேறோர் எழுத்தோடும் அமைந்தார். லட்சுமி ‘லெட்சுமி’ ஆனாள். சுப்பையா ஒரு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ‘ப’கரத்தோடும், இன்னொரு பிள்ளையின் பத்திரத்தில் அழுத்தம் குறைந்த ‘ப’வோடும் நின்றார். அண்ணனும் தம்பியும் ஒரே தந்தையின் மக்கள் என்பதை அட்டைகளால் மெய்ப்பிக்க முடியாத நிலை வந்தது. குடியுரிமைக்கும் சேமநிதிக்கும் பெயர் பொருந்த வேண்டியிருந்த நாட்களில், இந்த ஓரெழுத்து வேறுபாட்டால் அலைந்தவர்களின் கதை தோட்டந்தோறும் உண்டு.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுப்பையாவின் மகன் முனியாண்டி. முனியாண்டியின் மகன் ராஜு. ராஜுவின் மகள் மாலா. மாலாவின் அட்டையில் ராஜுவின் பெயர் இருக்கும். ராஜுவின் அட்டையில் முனியாண்டி இருப்பார். கப்பலேறி வந்த சுப்பையா எங்கே? மூன்று தலைமுறையில் அவர் எல்லா அட்டைகளிலிருந்தும் மறைந்துபோனார். சீனரின் லீயில் பெயர் நிற்கிறது; அதில் யாருடைய இரத்தம் என்பது தெரியவில்லை. நம் முறையில் இரத்தம் நிற்கிறது. அதைச் சொல்லப் பெயர் இல்லை. லீக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தோட்டம் இருந்தவரையில் இந்தக் குறை தெரியவில்லை. இன்னார் இன்ன லயம், இன்ன கங்காணியோடு வந்தவர், இன்ன ஊர் என்று சொல்ல மூத்தவர்கள் இருந்தார்கள். தோட்டமே நமக்குக் கொரியரின் மூலவூரைப்போல இருந்தது. 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டன. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயங்கள் இடிந்தன. மக்கள் புந்தோங்குக்கும் ஈப்போவின் புறநகர்களுக்கும், அப்பால் கோலாலம்பூருக்கும் சென்றார்கள். தோட்டம் கலைந்தபோது, பெயர் சொல்லாததைச் சொல்லிவந்த நினைவும் கலையத் தொடங்கியது.

அதற்காக நாமும் இன்று முதல் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வரவில்லை. குடும்பப்பெயர் மட்டும் உறவைக் காப்பதில்லை என்பதையே லீயின் கதை நமக்குக் காட்டியது. உறவைக் காத்தவை வேறு: சீனர் கல்லறையில் பொறித்த ஊர்ப்பெயர், கொரியர் பெயரோடு சேர்த்த மூலவூர், வியட்நாமை விட்டுப் போன இளவரசரின் வழியினர் எழுநூறு ஆண்டு காத்த குடிச்சுவடி. எழுதி வைத்தவர்கள் திரும்பி வரும் வழியை வைத்திருந்தார்கள்.

நாமும் எழுதலாம். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்று போதும். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே கேளுங்கள். கப்பலேறி வந்தவர் பெயர் என்ன? அவருடைய தந்தை பெயர் என்ன? எந்த ஊர், எந்த வட்டம்? முதலில் இறங்கிய தோட்டம் எது? பிறகு எந்தெந்தத் தோட்டம்? உடன்பிறந்தவர்கள் யார், எங்கே? அட்டையில் அந்தப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள்? தமிழில் ஒரு முறை, அட்டையில் உள்ளபடி ஒரு முறை, இரண்டையும் எழுதுங்கள். பழைய கடிதத்தின் உறையில் அனுப்பியவர் ஊர் இருக்கும், கிழிக்காதீர்கள். தோட்டத்துக் கோயிலின் உபயக்காரர் பலகையில் பெயர்கள் இருக்கும். கோயிலை இடம் மாற்றும்போது பலகையைப் படியெடுங்கள். மூத்தோர் கல்லறையில் பெயரோடு ஊரையும் சேர்த்துப் பொறியுங்கள்.

அடுத்த முறை ஈப்போவில் ஒரு லீயைச் சந்திக்கும்போது, ‘உங்கள் லீ எந்த எழுத்து, எந்த ஊர்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் மகிழ்ந்து சொல்லுவார். சொல்லி முடித்துவிட்டு அவர் உங்களைத் திருப்பிக் கேட்பார்: ‘உங்கள் தாத்தாவின் தந்தை பெயர் என்ன?’

அந்தக் கேள்விக்கு நம் வீட்டில் விடை எழுதி இருக்கட்டும்.